லினக்ஸ், பிஎஸ்டி மேசைக்கு 4கே மானிட்டர்: கார்டைப் பார்ப்பதற்கு முன்

புது மானிட்டர் வாங்கலாம் என்று முடிவு செய்ததும் பலர் முதலில் தேடுவது கிராபிக்ஸ் கார்டைத்தான். 4கே, அதாவது 3840-க்கு 2160 பிக்சல் திரை என்றால் பெரிய கார்டு வேண்டும், 8 ஜிபி மெமரியாவது இருக்க வேண்டும் என்று பேச்சு அந்தப் பக்கமே போய்விடுகிறது. கேம் விளையாடுகிறவர்களுக்கு அது சரி. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் டெர்மினல், எடிட்டர், பிரவுசர் என்று திறந்து வைத்து நாள் முழுக்க எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் திரையின் பிக்சல் அடர்த்தி, அடுத்து கேபிளும் போர்ட்டும், அப்புறம் டிரைவர். கார்டின் பலத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கார்டின் மெமரியை முதலில் பார்க்கும் பழக்கம் சும்மா வரவில்லை. யூனிக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-இல் எம்ஐடியில் பிறந்தது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்11 நெறிமுறை 1987-இல் வந்தது. 1990-களில் சாதாரண பிசியில் அதன் பிசி வடிவமான எக்ஸ்ஃப்ரீ86 ஓட்டியவர்களுக்கு வீடியோ மெமரிதான் எல்லைக்கோடு. 1024-க்கு 768 திரையில் பிக்சலுக்கு ஒரு பைட், அதாவது 256 நிறம் என்றால் 7,86,432 பைட், 1 எம்பி கார்டில் அடங்கிவிடும். 1280-க்கு 1024 போனால் 13 லட்சம் பைட்டைத் தாண்டும், 2 எம்பி கார்டு வேண்டும். அதே திரையில் பிக்சலுக்கு 3 பைட் கொடுத்து முழு நிறம் வேண்டுமென்றால் 39 லட்சம் பைட், 4 எம்பி. ஆக, கார்டின் மெமரியைச் சொன்னாலே அதில் எந்த ரெசல்யூஷன் கிடைக்கும், எத்தனை நிறம் கிடைக்கும் என்று சொல்லிவிடலாம்.

மெமரி இருந்தாலும் போதாது. கார்டில் உள்ள எண்களை அனலாக் சிக்னலாக மாற்றும் ராம்டாக் சிப்பின் வேகமும் பார்க்க வேண்டும். 1280-க்கு 1024 திரையை நொடிக்கு 75 முறை புதுப்பிக்க 135 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கடிகாரம் தேவை, மானிட்டரும் கிட்டத்தட்ட 80 கிலோஹெர்ட்ஸ் கிடைமட்ட அதிர்வெண்ணைத் தாங்க வேண்டும். 60-இல் ஓட்டினால் பழைய குழாய்த் திரை மினுமினுக்கும், சாயங்காலத்துக்குள் தலைவலி வந்துவிடும். இந்த எண்களையெல்லாம் மானிட்டர் கையேட்டில் தேடி எடுத்து, மோட்லைன் என்ற ஒற்றை வரியாக அமைப்புக் கோப்பில் கையால் எழுத வேண்டும். தப்பான எண்ணைக் கொடுத்தால் மானிட்டரே கெட்டுப்போகலாம் என்ற எச்சரிக்கை ஆவணங்களில் இருந்தது. கார்டும் மானிட்டரும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று முன்கூட்டியே கணக்குப் போடாமல் யாரும் வாங்க முடியாத காலம் அது.

இப்போது அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3840-க்கு 2160, பிக்சலுக்கு 4 பைட் என்றால் முழுத் திரைக்கும் சேர்த்து சுமார் 33 எம்பி. முழுத்திரை அளவில் 15 சாளரம் திறந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி வைத்தாலும் ஏறத்தாழ 1 ஜிபிதான் ஆகிறது. பிராசஸரோடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸ் சிப் இந்த வேலையைச் சாதாரணமாகச் செய்துவிடும். முப்பரிமாண மாடலிங், வீடியோ எடிட்டிங், கேம், 144 ஹெர்ட்ஸ் திரைகள் இரண்டு மூன்று என்று போனால்தான் தனி கார்டின் பலம் கணக்குக்கு வரும். மெமரி என்ற எல்லைக்கோடு போய்விட்டது, ஆனால் எல்லைகள் வேறு மூன்று இடங்களுக்கு நகர்ந்திருக்கின்றன.

முதலாவது, அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது. யூனிக்ஸ் மேசையில் ஒரு நல்ல திரை நல்ல அனுபவமாக மாறுமா இல்லையா என்பதைப் பெரும்பாலும் இந்த எண்தான் தீர்மானிக்கிறது. பட்டன், மெனு, ஐகான் எல்லாம் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற அனுமானத்தில் வரையப்பட்டவை. 24 அங்குல 1920-க்கு 1080 திரையில் அடர்த்தி 92, 27 அங்குல 2560-க்கு 1440 திரையில் 109. இந்த இரண்டிலும் எதையும் தொடாமல் அப்படியே வேலை செய்யலாம். 27 அங்குல 5கே, அதாவது 5120-க்கு 2880 திரையில் 218. அங்கே எல்லாவற்றையும் சரியாக இரண்டு மடங்காக்கினால் 109-இன் அளவே திரும்பக் கிடைக்கிறது, ஒரே வித்தியாசம் ஒவ்வொரு எழுத்தும் நான்கு மடங்கு பிக்சலில் வரையப்பட்டிருக்கும். ஒரு புள்ளி நான்கு புள்ளியாக மாறும், ஒரு கோடு இரட்டைக் கோடாக மாறும், எங்கும் அரைப் பிக்சல் வராது. அதனால்தான் எந்த மென்பொருளும் தடுமாறுவதில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பரவலாகக் கிடைக்கும் 27 அங்குல 4கே திரையில். அதன் அடர்த்தி 163. அப்படியே விட்டால் எழுத்து எறும்பு போல இருக்கும். இரண்டு மடங்காக்கினால் 27 அங்குலத்தில் வெறும் 1920-க்கு 1080 இடம்தான் கிடைக்கும், எல்லாம் பெரிது பெரிதாக நிற்கும், இவ்வளவு பணம் போட்டும் இடம் கூடவில்லையே என்று தோன்றும். தேவைப்படுவது ஒன்றரை மடங்கு. யூனிக்ஸ் மேசைகள் பல வருடம் திணறியது இந்த ஒன்றரையில்தான். 32 அங்குல 4கே திரையில் அடர்த்தி 138, அங்கே ஒன்றேகால் மடங்கு வேண்டும். 24 அங்குல 4கே என்றால் 184. இரண்டு மடங்கு கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் அந்த அளவில் 4கே திரைகள் அரிது.

கண்ணுக்கு எவ்வளவு அடர்த்தி போதும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இயல்பான பார்வை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும் என்று வைத்துக்கொண்டால், 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அங்குலத்துக்குச் சுமார் 145 பிக்சலுக்கு மேல் தனித்தனிப் புள்ளி தெரியாது. ஆனால் கூர்மை அந்த இடத்தோடு நின்றுவிடுவதில்லை, வளைவுகளின் ஓரம் வழவழப்பாக இருப்பதை 200-க்கு மேலும் கண் உணர்கிறது. தமிழ் படிப்பவர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். 92 அடர்த்தியில் சிறிய எழுத்தில் ‘ண’, ‘ன’ எழுத்துகளின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ‘ஞ’ ஒரு கறுப்புக் கட்டியாகிவிடும், மெய்யெழுத்தின் புள்ளி மேல்வரியின் காலோடு கலந்துவிடும். 218-இல் அதே பத்தியைத் திறந்தால் அச்சிட்ட தாளைப் பார்ப்பது போல இருக்கும். ஆங்கிலக் குறியீடு மட்டும் எழுதுகிறவர்களைவிட நமக்கு இந்தச் செலவு அதிகம் நியாயமாகிறது என்று நான் நினைக்கிறேன்.

சரி, 163-இல் மாட்டிக்கொண்டவர் என்ன செய்வது? ஒரே ஒரு திரை என்றால், எக்ஸ்11-இல் வியக்கத்தக்க அளவுக்கு எளிய வழி இருக்கிறது. எழுத்துரு வரையும் எக்ஸ்எஃப்டி நூலகத்துக்கு டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்ற எண்ணை எக்ஸ் ரிசோர்சஸ் கோப்பில் கொடுக்கலாம். அதில் 96 என்பதை 144 ஆக்கினால் எழுத்து மட்டும் துல்லியமாக ஒன்றரை மடங்காகும். எழுத்து முதலிலிருந்தே பெரிதாக வரையப்படுவதால் மங்கல் துளியும் இல்லை. ஐகான்களும் ஓர இடைவெளிகளும் கொஞ்சம் சிறிதாகவே இருக்கும், ஐ3 போன்ற எளிய விண்டோ மேனேஜர் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவில் உள்ள கணினியிலிருந்து திறக்கும் சாளரமும் இந்த எண்ணை நம் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்பது இன்னொரு நன்மை.

இரண்டு திரை வைத்து, ஒன்று 4கே, இன்னொன்று பழைய 1080 என்றால் கதை வேறு. எக்ஸ்11-க்கு அவை இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய பரப்பு. எக்ஸில் திரைகளின் அளவையும் அமைப்பையும் மாற்றும் ரேண்டர் (RandR) நீட்டிப்பு 2007 வாக்கில் பெற்ற மாற்றத்துக்கு அப்புறம் திரைகளை ஓடும்போதே சேர்க்கலாம், பிரிக்கலாம், திருப்பலாம். ஆனால் டிபிஐ என்னவோ எல்லாவற்றுக்கும் பொதுவான ஒற்றை எண்தான். 4கே திரைக்குச் சரியாக வைத்தால் 1080 திரையில் பூதாகாரமாகும். குறைந்த அடர்த்தித் திரையை எக்ஸ்ரேண்டர் கட்டளையின் ஸ்கேல் விருப்பத்தால் பெரிய பரப்பாகக் காட்டி, பின் சுருக்கி ஏமாற்றலாம், எழுத்து கொஞ்சம் கலங்கும். நான் இரண்டு வருடம் அப்படி ஓட்டியிருக்கிறேன். முடியும், ஆனால் ஒவ்வொரு முறை கேபிளைக் கழற்றி மாட்டும்போதும் ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டியிருக்கும்.

எக்ஸ்11-க்கு மாற்றாக 2008-இல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் இந்த இடத்தில்தான் உண்மையான தீர்வு. அதில் ஒவ்வொரு திரைக்கும் தனி ஸ்கேல், அதாவது எத்தனை மடங்காக்குவது என்ற எண், உண்டு. ஆரம்பத்தில் அதிலும் முழு எண் மட்டும்தான்; ஒன்றரை வேண்டுமென்றால் இரண்டு மடங்கில் வரைந்துவிட்டுச் சுருக்குவார்கள். 4கே திரையில் ஒன்றரை மடங்குக்கு உள்ளே 5120-க்கு 2880 படம் தயாராகும், திரையில் இருக்கும் 83 லட்சம் பிக்சலுக்குப் பதில் 1 கோடியே 47 லட்சம் பிக்சல் வரைய வேண்டும், அதைச் சுருக்கும்போது கூர்மையும் கொஞ்சம் போய்விடும். 2022 கடைசியில் பின்ன ஸ்கேலுக்கான தனி நெறிமுறை வந்தது. அதை ஏற்கும் செயலிகள், கேடிஇ பிளாஸ்மா 5.27 முதலான மேசையில் நேரடியாக ஒன்றரை மடங்கில் வரைகின்றன, மங்கல் இல்லை. வேலண்டுக்குள் எக்ஸ்வேலண்ட் வழியாக ஓடும் பழைய எக்ஸ் செயலிகள் மட்டும் இன்னும் மங்கும் அல்லது தாங்களே பெரிதாகிக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். இன்னொரு மேசைச் சூழலான குனோமின் 49-ஆம் பதிப்பில், 2025-இல், எக்ஸ்11 அமர்வு இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டது. ஆகவே புதிதாக வாங்குகிறவர்கள் வேலண்டை மனதில் வைத்து வாங்குவதே சரி.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சிப் வடிவமைப்பு, அறிவியல் கணிப்பு போன்ற துறைகளில் மோட்டிஃப், டிகே என்ற பழைய சாளர நூலகங்களிலும் பழைய ஜாவாவிலும் எழுதிய கருவிகள் இன்னும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் பல ஒரே அளவில் புள்ளிகளால் வரைந்த பிட்மேப் எழுத்துருவை நம்பியவை, எந்த ஸ்கேலையும் மதிக்காது. பட்டன் மேல் மவுஸை வைக்கவே கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். உங்கள் பிழைப்பு அந்த மாதிரி ஒரு கருவியில் என்றால் 4கே ஆசையை விட்டுவிட்டு 109 அடர்த்தியில் பெரிய திரை வாங்குங்கள். அகலமான 3440-க்கு 1440, 34 அங்குலத் திரையும் கிட்டத்தட்ட அதே அடர்த்திதான்.

இரண்டாவது எல்லை கேபிளும் போர்ட்டும். என் முதல் 4கே திரையை ஒரு பழைய லேப்டாப்போடு எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தபோது படம் உடனே வந்துவிட்டது, ஆனால் மவுஸ் குறி ஏதோ தேனில் நகர்வது போல இழுத்தது. டிரைவரைச் சந்தேகித்து இரண்டு நாள் போனது. கடைசியில் எக்ஸ்ரேண்டர் காட்டிய பட்டியலில் 30 ஹெர்ட்ஸ் என்று இருந்ததைப் பார்த்தேன். அந்த லேப்டாப்பின் போர்ட் எச்டிஎம்ஐ 1.4. 4கே திரையை நொடிக்கு 60 முறை புதுப்பிக்க 8 பிட் நிறத்தில் சுமார் 12.8 ஜிகாபிட் வேண்டும், எச்டிஎம்ஐ 1.4 உண்மையில் கடத்துவது 8.16 ஜிகாபிட்தான். எச்டிஎம்ஐ 2.0-இல் 14.4, டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இல் 17.28, டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இல் 25.92. 5கே திரைக்கு 60 ஹெர்ட்ஸில் 22 ஜிகாபிட்டுக்கு மேல் வேண்டும் என்பதால் 1.2-இல் அது நுழையாது. முதலில் வந்த 5கே மானிட்டர்கள் இரண்டு கேபிள் கேட்டதற்குக் காரணம் அதுதான். 2013 வாக்கில் வந்த முதல் 4கே மானிட்டர்களும் உள்ளுக்குள் இரண்டு பாதியாக இருந்து, எக்ஸ் அவற்றை இரண்டு தனித் திரையாக நினைத்துக்கொண்டு சாளரத்தைப் பாதியில் வெட்டியது. பழைய மானிட்டரைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யுஎஸ்பி-சி ஒற்றைக் கேபிளில் இன்னொரு பொறி. அந்தக் கேபிளில் நான்கு அதிவேகப் பாதைகள் உண்டு; லேப்டாப்பை மற்ற சாதனங்களோடு இணைக்கும் டாக் பெட்டியில் யுஎஸ்பி 3 வேகமும் கேட்டால் படத்துக்கு இரண்டு பாதைதான் மிஞ்சும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரத்தில் இரண்டு பாதை என்றால் 8.64 ஜிகாபிட், மறுபடியும் 30 ஹெர்ட்ஸ். 1.4 தரத்தில் 12.96 கிடைக்கும், 4கே 60 மயிரிழையில் நுழையும். மானிட்டரின் மெனுவில் யுஎஸ்பி வேகத்தைக் குறைக்கும் விருப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்ப்ளேலிங்க் வகை டாக்குகளைத் தவிர்த்துவிடுங்கள், அவை படத்தை பிராசஸரில் சுருக்கி யுஎஸ்பி தரவாக அனுப்புகின்றன, டிரைவரும் மூடிய டிரைவர்.

போர்ட் தேர்வில் லினக்ஸுக்கென்றே ஒரு காரணமும் உண்டு. எச்டிஎம்ஐ 2.1 வசதிகளைத் தன் திறந்த டிரைவரில் சேர்க்க ஏஎம்டி முயன்றது, 2024-இல் எச்டிஎம்ஐ அமைப்பு அதை ஏற்க மறுத்துவிட்டது. கார்டில் வன்பொருள் இருந்தும் மென்பொருளில் கதவு திறக்கவில்லை. டிவியைக் கணினித் திரையாக வைக்க நினைத்த பலரின் திட்டம் அதில் தடைபட்டது. டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை, எப்போதும் அதையே முதலில் தேர்ந்தெடுங்கள்.

இப்போது கார்டுக்கு வரலாம், அதாவது மூன்றாவது எல்லையான டிரைவருக்கு. எழுத்து வேலைதான் என்றால் இன்டெல் உள்ளமை கிராபிக்ஸ் தாராளம். டிரைவர் இயங்குதளத்தின் மையமான கர்னலிலேயே இருக்கிறது, தூங்கி எழுவது போன்ற சின்னச் சின்ன விஷயங்கள் ஒழுங்காக நடக்கும். கொஞ்சம் பழைய இன்டெல் தலைமுறைகளில் சிப்பின் நேரடி எச்டிஎம்ஐ 1.4 தரம்தான், மதர்போர்டு தயாரிப்பாளர் தனி மாற்றிச் சிப் வைத்திருந்தால் ஒழிய 4கே 60 வராது, அதனால் அங்கேயும் டிஸ்ப்ளேபோர்ட்.

தனி கார்டு வேண்டும் என்றால் என் முதல் தேர்வு ஏஎம்டி. 2007-இல் வன்பொருள் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது, ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015-இல் கர்னல் 4.2-இல் சேர்ந்தது, அதற்கு மேலே மேசா என்ற திறந்த வரைகலை நூலகம். தனியாக எதையும் இறக்கி நிறுவ வேண்டியதில்லை, கர்னல் புதுப்பித்தால் டிரைவரும் சேர்ந்தே வரும். அதன் குறையையும் சொல்லிவிடுகிறேன்: வேறு வேறு ரிஃப்ரெஷ் வேகத்தில் இரண்டு திரை மாட்டினால் சும்மா இருக்கும்போதும் கார்டின் மெமரி முழு வேகத்தில் ஓடுவது உண்டு, மின்சாரம் போகும், விசிறி சுற்றும். இரண்டு திரையையும் ஒரே வேகத்தில் வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

என்விடியா விஷயம் சிக்கலான வரலாறு. 2012-இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நிறுவனத்தின் மேல் வெளிப்படையாகக் கோபப்பட்டதை லினக்ஸ் உலகம் மறக்கவில்லை. ஜிடிஎக்ஸ் 900 தொடரிலிருந்து என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) இல்லாமல் கார்டின் வேகத்தை ஏற்ற முடியாது என்றாகிவிட்டது, அதனால் திறந்த டிரைவரான நூவோ அந்தக் கார்டுகளைக் குறைந்த வேகத்திலேயே ஓட்ட வேண்டியிருந்தது. வேலண்டில் என்விடியாக்காரர்கள் மற்ற எல்லோரும் போன வழியை விட்டு வேறு வழியில் போய், 2021-இல்தான் பொது வழிக்கு வந்தார்கள். 2022 மே மாதம் ட்யூரிங் தலைமுறை முதலான கார்டுகளுக்குக் கர்னல் பகுதியைத் திறந்துவிட்டார்கள். சாளரங்கள் மின்னி மின்னிப் பழைய படத்தைக் காட்டிய தொல்லை, 2024-இல் 555 டிரைவரில், வரைந்து முடிந்த பிறகே படத்தைக் காட்டச் செய்யும் வெளிப்படை ஒத்திசைவு வந்த பிறகே தீர்ந்தது. ஆகவே கார்டில் கணிப்பு வேலை செய்ய உதவும் என்விடியாவின் CUDA மென்பொருளுக்காக என்விடியாதான் வேண்டும் என்றால் ட்யூரிங் முதலான கார்டாகப் பாருங்கள், அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 முதல். மலிவாகக் கிடைக்கிறது என்று 900, 1000 தொடர் கார்டை வாங்கினால், அவற்றுக்கு 580 வரிசைதான் கடைசி டிரைவர், திறந்த டிரைவரும் கைகொடுக்காது.

பிஎஸ்டி பக்கம் கணக்கு இன்னும் கறார். ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி இரண்டும் லினக்ஸ் கர்னலின் கிராபிக்ஸ் பகுதியைத் தங்களுக்கு ஏற்ப மாற்றி எடுத்துக்கொள்கின்றன, அதனால் எப்போதும் சில பதிப்பு பின்தங்கியே இருக்கும். ஃப்ரீபிஎஸ்டிக்கு என்விடியா தன் மூடிய டிரைவரைத் தருகிறது. ஓபன்பிஎஸ்டிக்கு அதுவும் இல்லை, அங்கே என்விடியா கார்டு என்றால் முடுக்கமே இல்லாத வெறும் படம். அந்த மேசைகளுக்கு இரண்டு தலைமுறை பழைய இன்டெல் அல்லது ஏஎம்டி வாங்குவதுதான் நிம்மதி.

திரைப் பலகையைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ஓலெட் திரைகளின் கறுப்பு அழகாகத்தான் இருக்கும், ஆனால் பலவற்றில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் வழக்கமான வரிசையில் இல்லை. ஒவ்வொரு பிக்சலின் மூன்று வண்ணப் புள்ளிகளையும் தனித்தனியாகப் பயன்படுத்தி எழுத்தின் ஓரத்தை வழவழப்பாக்கும் யூனிக்ஸ் எழுத்துரு நூலகங்களின் துணைப்பிக்சல் மென்மையாக்கம் அந்த வழக்கமான வரிசையை நம்பியது. விளைவு, எழுத்தின் ஓரத்தில் லேசான வண்ணக் கரை. துணைப்பிக்சலை அணைத்துச் சாம்பல் மென்மையாக்கத்துக்கு மாறினால் கரை போய்விடும், அடர்த்தி 109 என்றால் கூர்மையும் கொஞ்சம் போகும். எழுத்துக்காக வாங்குகிறவர்கள் ஐபிஎஸ் வகை எல்சிடி பலகையோடு நின்றுவிடலாம்.

எல்லாம் வந்து சேர்ந்ததும், பெட்டியைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். ரிஃப்ரெஷ் வேகம் உண்மையில் 60-தானா? கணினியைத் தூங்கவிட்டு எழுப்பினால் திரை திரும்ப வருகிறதா? இரண்டு கணினிக்கு ஒரே திரையைப் பகிரும் கேவிஎம் பெட்டி நடுவில் இருந்தால், பக்கம் மாற்றிவிட்டுத் திரும்பி வரும்போது ரெசல்யூஷன் 1024-க்கு 768 ஆகச் சுருங்கிவிடவில்லையே? அப்படிச் சுருங்கினால் மானிட்டர் தன் விவரத்தைச் சொல்லும் ஈடிஐடி தரவை அந்தப் பெட்டி இடையில் விழுங்குகிறது என்று அர்த்தம், மானிட்டர் மேல் பழியில்லை. புத்தம் புது ஏஎம்டி கார்டு போட்டதும் கறுப்புத் திரை வந்தால், கார்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் கர்னல் பதிவில் ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பல லினக்ஸ் விநியோகங்களில் ஃபர்ம்வேர் தொகுப்பு கார்டைவிடப் பழையதாக இருக்கும், அதைப் புதுப்பித்து மறுபடி தொடங்கினால் படம் வந்துவிடும்.